வாடாமல்லிக் கரை

விருத்தாசலம் மேடையில் எதையாவது அறிவித்துவிட்டு வந்தால், அதைத் தேடி எடுத்துக் கொடுப்பது தைலம்மாளின் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. திருவிழாப் பந்தலுக்கு என் வீட்டுத் துணி என்பார். ஜன்னல் திரைகள் கழன்று போகும். வெள்ளத்தில் தவிப்பவர்களுக்காக என் வீட்டு அடுப்பு அணையாது என்பார். அதை அணையாமல் பார்த்துக்கொள்ளப்போவது யார் என்று அறிவிப்பில் வராது. திண்டிவனத்தில் ஒரு தடவை கவுன்சிலராக இருந்து, அதற்கு மேலே ஆசைப்பட்ட தேர்தல்களில் எல்லாம் தோற்று, இப்போது கட்சியின் நகரச் செயலாளராக இருக்கும் மனிதருக்கு, அறிவிப்பதைத் தவிர வேறு அதிகாரம் மிச்சமில்லை.

அன்று மதியம் விழுப்புரத்திலிருந்து வந்தவர் சட்டையைக் கழற்றி நாற்காலிமேல் போட்டார்.

"தைலு, நம்ம கல்யாணத் துணிய எடுத்து வை. மியூசியத்துக்குக் குடுத்துட்டேன்."

தைலம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்த மியூசியம்?"

"விழுப்புரத்துல புதுசா தொறக்கிறாங்களே, சுமதிநாதன் சாரு நடத்துறது. ஊர்ல இருக்கிறவன்லாம் உரலையும் உலக்கையையும் தூக்கிக்கினு வந்து குடுக்கிறான். நாளைக்கு நம்ம பேரு அங்க இருக்க வேணாமா? மைக்லயே சொல்லிட்டேன். ஒரே கைத்தட்டு."

"உங்க வேட்டிய குடுங்க. என் புடவை இன்னாத்துக்கு?"

"ஜோடியா இருந்தாத்தான் நல்லாருக்கும்னு சாரு சொல்றாரு. பொம்மைக்குக் கட்டி கண்ணாடிக்குள்ள நிறுத்தப் போறாங்க. உனக்கும் சேத்துதான்டி பெருமை."

"அது நான் செத்தா மேல போத்தறதுக்கு வெச்சிருக்கிறது."

"இப்ப இன்னா செத்தா பூட்ட? வேணுங்கிற அன்னிக்குப் போய் வாங்கியாந்துக்கலாம். அது வரைக்கும் ஏசில இருக்கும்."

"மியூசியம்னாலே வெள்ளிக்கிழம லீவு. நான் வெள்ளிக்கிழம செத்தா இன்னா பண்ணுவீங்க?"

விருத்தாசலம் நிஜமாகவே யோசித்தார். "சாரு நமக்கு வேண்டப்பட்டவருதான். தொறந்து குடுப்பாரு" என்றார்.

அதற்கு மேல் பேசுவதில் பயனில்லை. கைத்தட்டு விழுந்துவிட்ட அறிவிப்பை அவர் ஒருநாளும் திரும்ப எடுத்ததில்லை.

சுமங்கலியாகவே கண்மூடுகிறவளை அவளுடைய கூறைப்புடவையைப் போர்த்தித்தான் அனுப்புவார்கள். தைலம்மாளுக்குப் பெரிய சாஸ்திர நம்பிக்கை எல்லாம் கிடையாது. ஆனால் அவள் மாமியார் போன நாளைக் கண்ணால் பார்த்தவள். மாமனார் உயிரோடு இருக்கும்போதே போன மனுஷி. அவளுடைய கூறைப்புடவை டிரங்குப் பெட்டியில் தயாராக இருந்தது. அதை எடுத்து வருவதற்குள் விருத்தாசலம் கட்சிக்கொடியைப் போர்த்திவிட்டார். மாவட்டச் செயலாளர் மாலையோடு வந்துகொண்டிருந்தார், போட்டோக்காரர் ஏற்கனவே வந்துவிட்டார். வாழ்நாளில் ஒரு பொதுக்கூட்டத்துக்கும் போயிராத, ஓட்டுப் போட்ட கையோடு மல்லாட்டைக் கடலை உடைக்கப் போய்விடுகிற அந்தக் கிழவி, கட்சியின் மூத்த முன்னோடியாகச் சுடுகாட்டுக்குப் போனாள். எரிக்கும் முன் கொடியை மடித்து எடுத்துக்கொண்டார்கள். அது கட்சி ஆபீஸ் கொடி.

அன்றைக்கு தைலம்மாள் முடிவு செய்தாள். தான் போகும்போது மேலே கொடி இருக்கக்கூடாது. திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு வெட்டி அனுப்பிய கையோடு அப்பா காஞ்சிபுரம் போய் எடுத்து வந்த அரக்குப் புடவை இருக்கவேண்டும். இந்த வீட்டில் அவள் தனக்கென்று கேட்டது அதுவரை வேறெதுவுமில்லை. இதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை; பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

பூட்டைத் திறந்தாள். வெள்ளைத் துணியில் சுற்றி, நான்கு மூலையும் கட்டி, வசம்பு முடிச்சோடு இருந்தது புடவை. அந்த வெள்ளைத் துணிதான் கல்யாண வேட்டி. பட்டுப்புடவையை நூல் துணியில் சுற்றி வைத்தால்தான் ஜரிகை கறுக்காது. அதற்கு ஒரு துணி வேண்டியிருந்தது, இந்த வேட்டி கிடைத்தது. விருத்தாசலத்தின் மண வேட்டி இத்தனை வருஷம் பிழைத்துக் கிடந்ததன் வரலாறு அவ்வளவுதான்.

மடிப்பை மாற்றி மடிக்க எடுத்தபோது வேட்டியின் கரை வெளியே விழுந்தது. நல்ல அகலக் கரை. வாடாமல்லி நிறம். சாயம் கொஞ்சமும் போகவில்லை.

இந்தப் பக்கத்தில் கட்சிகளைக் கொள்கையை வைத்து யாரும் அடையாளம் கண்டதில்லை. வேட்டிக் கரையை வைத்துத்தான். விருத்தாசலம் இப்போது இருப்பது கிளிப்பச்சைக் கரை. அதற்கு முன்னால் சில வருஷம் மயில்கழுத்துக் கரை. அதற்கும் முன்னால், கல்யாணத்தின்போது, வாடாமல்லிக் கரை. பட்டு வேட்டி வாங்கி வைத்திருந்த மாமனாரிடம், "எனக்கு என் இயக்கத்துக் கரைதான் பட்டு" என்று சொல்லி மாப்பிள்ளை அடம்பிடித்தார். தாலி எடுத்துக் கொடுக்க அந்தக் கட்சித் தலைவர் வருவதாக ஏற்பாடு. காலை முகூர்த்தத்துக்கு அவர் சாயங்காலம் வந்தார். சாம்பார் புளித்துவிட்டது. மணமக்களை வாழ்த்துவதாக ஆரம்பித்துக் கரும்பு விலைக்குப் போய், அங்கிருந்து எதிர்க்கட்சிக்குப் போனார். கிளிப்பச்சைக் கரை கட்டினவன் வீட்டில் கை நனைக்காதே என்று மணமகனிடம் மேடையிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டு, தாலியைக் கொடுக்க மறந்து கீழே இறங்கப் போனார். ஞாபகப்படுத்தித் திரும்ப அழைத்தது தைலம்மாளின் அப்பா.

மூட்டையை எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தாள். விருத்தாசலம் போனில் இருந்தார்.

"இன்னாங்க, குடுக்கிறதுக்கு முன்னாடி இந்த வேட்டிய ஒரு தபா பிரிச்சுப் பாருங்க."

அவர் கையால் பேசாதே என்று காட்டினார். போனில், "ஆமாண்ணே, கல்யாணத்தன்னிக்கே கரை வேட்டிதான். அந்தக் காலத்துலயே நாம அப்படி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தைலம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது அவருக்கு இடது புருவம் துடிக்கும். இப்போது துடிக்கவில்லை. மனுஷன் மறந்தே போயிருந்தார். நினைவில் இருந்த கரைக்கும் அவ்வப்போது நிறம் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்.

மறுநாள் காலையில், மூட்டையை எடுத்துப்போகக் கட்சிக்காரன் ராயப்பன் வண்டியோடு வந்து நின்றபோது, இன்னொரு தடவை சொன்னாள்.

"அந்த வேட்டிக் கரைய..."

"கரை கிழிஞ்சிருந்தா இருக்கட்டும்டி. பழசுன்னா அப்படித்தான். ராயப்பா, ஜல்தி எடுத்துக்கினு கெளம்பு."

"வர்றேன் அண்ணி" என்று ராயப்பன் மூட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனான், சாமி உற்சவத்துக்குப் போவதுபோல. அவளுடைய சாவுத்துணி தெருமுனை திரும்பி மறைந்தது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒரு பெண்பிள்ளை கொய்யாக்கூடையை அவள் மடிமேல் வைத்துவிட்டு அசந்து தூங்கிப்போனாள். மற்றவர்கள் பாரத்தைச் சுமப்பது பழக்கம்தானே என்று தைலம்மாள் கூடையைப் பிடித்துக்கொண்டாள்.

அருங்காட்சியகம் ஒரு கல்யாண மண்டபத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுதாகி, மேலே பந்தி போட முடியாமல் போனதால், மண்டபத்துக்காரர் ஒரு அறக்கட்டளை வைத்து மாடியை வரலாற்றுக்கு ஒதுக்கிவிட்டார். கைவண்டிச் சக்கரம், மரக்கால், மரக்காணத்துப் பக்கமிருந்து வந்த துடுப்பு, பாட்டுப் பெட்டி. எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு சுமதிநாதன் நின்றிருந்தார். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போது சம்பளமில்லாத காப்பாட்சியர்.

"வாங்கம்மா. உங்க புடவை ரொம்ப நல்ல நிலைமையில இருக்கு. நான் மருந்து எதுவும் அடிக்கல. நீங்க வெச்ச வசம்பையே திரும்ப வெச்சிட்டேன். பூச்சியக் கொல்றது எங்களுக்கு ஆகாது, வசம்பு வெச்சா அதுங்களா போய்க்கும்."

கண்ணாடிப் பேழைக்குள் இரண்டு பொம்மைகள். மூடிப்போன ஜவுளிக்கடையிலிருந்து வந்தவை. ஆண் பொம்மைக்குப் பூனைக்கண்ணும் பழுப்பு முடியும் இருந்தன. மூக்கு சீமைத் துரையின் மூக்கு. வேட்டிக் கரை முன்பக்கம் தெரியும்படி, விளக்கு வெளிச்சம் அதன்மேலேயே விழும்படி கட்டியிருந்தார்கள். பெண் பொம்மைக்குச் சுண்டுவிரல் உடைந்திருந்தது. அதன்மேல் தைலம்மாளின் அரக்குப் புடவை. பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு பலகை:

"மணமேடையிலும் பட்டு வேண்டேன், என் இயக்கத்தின் கரையே போதும் என்று முழங்கிய கொள்கைக் குன்று, அண்ணன் விருத்தாசலம் அவர்களின் மண உடை. அன்று முதல் இன்று வரை ஒரே கொடி, ஒரே கரை."

தைலம்மாள் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். "சாரே, இது நீங்க எழுதினதா?"

"உங்க வீட்டுக்காரர் எழுதி அனுப்பிச்சது. கொடுக்கிறவங்க சொல்றத அப்படியே போடறது இங்க வழக்கம்."

"கரைய பாத்தீங்களா?"

சுமதிநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பார்வையெல்லாம் நல்லாத்தான்மா இருக்கு. ஆனா நான் கேட்டா அது அரசியல் ஆயிடும். எனக்கு அது ஒரு நூல் வேட்டி, சாயம் நிக்கிற ரகம். அவ்வளவுதான்."

அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். புடவை எதற்கு வேண்டும் என்பதையும், மாமியார் கதையையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முகம் வாடிவிட்டது.

"உள்ள வந்த பொருள் வெளிய போகக்கூடாதுன்னு அறக்கட்டளையில விதி போட்டிருக்காங்கம்மா. ஒரு தடவைதான் திருப்பிக் குடுத்திருக்கேன். மண்டகப்பட்டுல இருந்து ஒருத்தர் கல்லுரல் கொண்டாந்து குடுத்தாரு. அப்புறம் அவங்க அண்ணன் பத்துப் பேரோட வந்து அது என் பாகத்து உரல்னு நின்னாரு. குடுத்தவரும் ஆமா, என்னுது இல்லதான்னு ஒத்துக்கினாரு. அந்த மாதிரி, குடுத்தவரே என்னுது இல்லன்னு வாயால சொன்னாத்தான் உண்டு. உங்க வீட்டுக்காரர் அப்படிச் சொல்லுவாரா?"

"அவரா?" என்றாள் தைலம்மாள். ஊரார் பொருளையே தன்னுடையது என்று சொல்லுகிற மனுஷன்.

வீட்டுக்கு வந்தபோது விருத்தாசலம் திறப்பு விழாச் சுவரொட்டியில் தன் படம் எவ்வளவு பெரியது என்று முழம் போட்டுக்கொண்டிருந்தார். கரையைப் பற்றி மூன்றாவது முறை சொல்ல வாயைத் திறந்தாள். அலுப்பாக இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

திறப்பு விழா காலை பத்து மணிக்கு. சிறப்பு விருந்தினர் மாவட்டச் செயலாளர் மணிமாறன்; கட்சிக்காரர்கள் அவரைப் பேர் சொல்லாமல் 'மாவட்டம்' என்றே கூப்பிடுவார்கள். மாவட்டம் வந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. கேசரி கல்லாகியிருந்தது. தன் கல்யாணத்தை இரண்டாவது முறை பார்ப்பதுபோல இருந்தது தைலம்மாளுக்கு. சுமதிநாதன் ஜன்னலுக்கும் கைக்கடிகாரத்துக்குமாக நடந்தார்.

"இன்னா சார், பேஜாரா இருக்கீங்க?" என்றாள்.

"இருட்டினப்புறம் நாங்க சாப்பிடறதில்லம்மா. காலையிலயும் சாப்பிடல. இன்னும் ஒரு மணி நேரத்துல இவங்க முடிக்கலன்னா நாளைக்குக் காலையிலதான்."

மாவட்டம் பேழையின் திரையை இழுத்தார். போன்கள் எல்லாம் உயர்ந்தன. அவர் மைக்கை வாங்கிப் பலகையைக் கணீரென்று படித்தார். "...என் இயக்கத்தின் கரையே போதும் என்று முழங்கிய கொள்கைக் குன்று..." என்றபோது விசில் பறந்தது. "அன்று முதல் இன்று வரை ஒரே கொடி, ஒரே..." என்று வரும்போது அவர் கண் பலகையிலிருந்து வேட்டிக்குப் போனது. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது.

பின்னாலிருந்து யாரோ ஒருவன் சத்தமாகவே சொன்னான்: "யோவ், இது வாடாமல்லிடா!"

விருத்தாசலம் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது பயமில்லை, ஆச்சரியம். பழைய போட்டோவில் தன் பக்கத்தில் நிற்கும் ஆள் யாரென்று தெரியாமல் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மாவட்டத்தைப் பார்த்தார். பிறகு போன்களைப் பார்த்தார். இடது புருவம் துடிக்க ஆரம்பித்தது.

"இது என் வேட்டியே இல்ல!"

"இன்னாண்ணே சொல்றீங்க?" என்றார் மாவட்டம், மைக்கை மூட மறந்து.

"சத்தியமா இல்ல மாவட்டம். எதிராளி சதி. யாரோ மாத்தி வெச்சிருக்கான். இது எவன் கட்டின வேட்டியோ! எனக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல!"

கைத்தட்டு விழுந்தது. கைத்தட்டைக் கேட்டதும் விருத்தாசலத்துக்குத் தெம்பு வந்து, அதையே இன்னும் உரக்க, மூன்று திசையிலும் திரும்பிச் சொன்னார்.

தைலம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். முட்டி வலித்தது. பேழைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"சாரே, குடுத்தவரே இது என்னுது இல்லன்னுட்டாரு. கேட்டீங்களா?"

"மைக்லயே கேட்டேம்மா."

"ரெண்டும் ஒரே மூட்டையில ஜோடின்னு வந்ததுதானே?"

"ஜோடின்னுதான் வாங்கினேன்."

"அப்ப மாப்ள யாரோன்னா, அவன் பக்கத்துல என் புடவை இன்னாத்துக்கு நிக்குது?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. விருத்தாசலம் பதறினார். "தைலு, புடவை நம்மளுதுதான்டி. அது அங்கயே இருக்கட்டும். வேட்டிதான்..."

"நான் அந்த வேட்டி கட்டினவரு பக்கத்துலதாங்க உக்காந்திருந்தேன்" என்றாள் தைலம்மாள். குரலை உயர்த்தவில்லை. "அது நீங்கன்னா சொல்லுங்க. புடவை இங்கயே இருக்கட்டும், நானும் போய் உக்காந்துக்கிறேன். நீங்க இல்லன்னா எடுத்துக்கினு போறேன்."

எல்லாப் போனும் விருத்தாசலத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வாழ்க்கையில் அறிவிப்பதற்கு ஒன்றுமில்லாமல் நின்றது அன்றைக்குத்தான்.

"சார், அண்ணி புடவைய குடுத்துடுங்க" என்றார் மாவட்டம். "வேட்டிய மூடுங்க மொதல்ல."

ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. சுமதிநாதன் சாவியை எடுத்து வந்த வேகத்தில் எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.

இவ்வளவு ஆம்பளைகள் நடுவில் பொம்மையை அம்மணமாக விட தைலம்மாளுக்கு மனசு வரவில்லை. கழற்றிப் போட்டிருந்த திறப்புத் திரையை எடுத்துப் பொம்மையின் தோளில் சுற்றி, ஏரிக்கரையில் குளித்துவிட்டுத் துணி மாற்றுகிற மாதிரி, உள்ளுக்குள்ளேயே புடவையை உருவி எடுத்தாள். 'திறந்து வைப்பவர்' என்ற தங்க எழுத்து பொம்மையின் வயிற்றின் குறுக்கே விழுந்தது. விழுந்துவிட்டுப் போகட்டும்.

"வேட்டிய எடுத்துக்கலையாம்மா?"

"அது எங்க வீட்டுது இல்லியே சார். அவரே சொல்லிட்டாரு."

"அப்ப இங்கயே இருக்கட்டும். உரிமை கோராத பொருளுக்கு இடம் உண்டு" என்று சுமதிநாதன் பழைய பலகையைத் திருப்பிப்போட்டார். பின்பக்கம் சாக்பீஸால், 'அடையாளம் தெரியாத மணமகனின் கரை வேட்டி' என்று எழுதினார். எழுதிய கையைக் கழுவிவிட்டு டிபன் பாக்ஸைத் தேடிக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

வீடு திரும்பும் வழியில் காரை ராயப்பன் ஓட்டினான். புடவை அவள் மடியில், கேசரி வந்த அட்டைப்பெட்டியில் இருந்தது.

வீட்டில் பீரோவைத் திறந்தபோது சுற்றி வைக்கத் துணி தேவைப்பட்டது. கீழ்த்தட்டில் வேட்டிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. மேலே கிளிப்பச்சை, அதற்கடியில் மயில்கழுத்து, அடியாழத்தில் இன்னும் கொஞ்சம் வாடாமல்லி, வேண்டுமென்றால் இருக்கட்டும் என்று. கரையில்லாத வேட்டி ஒன்றாவது இருக்கும் என்று கடைசிவரை புரட்டினாள். இல்லை. தன்னுடைய பழைய நூல் புடவை ஒன்றை எடுத்து அதில் சுற்றி, நான்கு மூலையும் கட்டி, வசம்பைச் செருகினாள்.

விருத்தாசலம் கட்டிலில் மல்லாந்து விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்து அடித்து ஓய்ந்திருந்தது.

"தைலு, பச்சைக் கரை வேட்டி புதுசு எதையும் பிரிக்காத. ரெண்டு நாள் போகட்டும். மயில்கழுத்துல இருந்து பேசினாங்க."

அவள் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீங்க எந்தக் கரைய கட்டுவீங்களோ கட்டிக்குங்க. நான் போற அன்னிக்கு எம்மேல கொடி போத்தினீங்கன்னா எழுந்து உக்காந்துடுவேன், சொல்லிட்டேன்."

விருத்தாசலம் தலையைத் திருப்பினார். நிஜமாகவே யோசித்தார்.

"எந்தக் கொடிடி?" என்று கேட்டார்.